ஒரே பச்சையில்

பிப்ரவரி 9

அப்பாவுக்கு வணக்கம்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை விழுங்குகிறீர்களா, இல்லை அக்கா திரும்பும் நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே வீசுகிறீர்களா?

போனில் பேசலாம் என்றால் நான் கத்த வேண்டியிருக்கிறது. நம் வீட்டுக் கதை முழுவதும் இப்போது என் பக்கத்து மேசைக்காரருக்கு அத்துப்படி. காதுக்கு மெஷின் வேண்டாம் என்று நீங்கள் அடம்பிடிக்கும்வரை கடிதம்தான்.

கம்பவுண்டர் மாமா வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் பேசியதைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. "வயசாயிடுச்சு, பாத்துப் போயிருக்கலாம்." "நேரம் வந்துடுச்சு, போயிட்டாரு." ஒருவர்கூட சிக்னலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சிக்னலுக்கு நேரம் கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன். மாமா அடிபட்ட அந்தப் பூங்காச் சாலையைப் போன வருடம் இரண்டு மடங்கு அகலமாக்கினார்கள். நடப்பவர்களுக்கு விழும் பச்சையை மட்டும் பழைய சாலைக்கு வைத்த அளவிலேயே விட்டுவிட்டார்கள். மாமா பச்சையில்தான் இறங்கினார். பாதி வழியில் சிவப்பு விழுந்துவிட்டது. ஒதுங்கி நிற்க நடுவில் ஒரு திட்டுகூட இல்லை. இதில் வயசு என்ன செய்தது, நேரம் எங்கே வந்தது?

எங்கள் தலைமை அலுவலகத்திலேயே மனு போடப்போகிறேன். அதுவரை நீங்கள் சாலையைக் கடந்து பூங்காவுக்குப் போக வேண்டாம். நடக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கமே நடங்கள். உங்கள் நடை முன்போல் இல்லை அப்பா. இடது கால் இழுக்கிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது, ஒப்புக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை அக்காவிடமும் காட்டுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்


பிப்ரவரி 20

என்ஜினியர் பிள்ளைக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா? ஓட்டல் சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும், கவனம். மாத்திரையை ஒழுங்காகத்தான் விழுங்குகிறேன். ஜன்னலுக்கு வெளியே பூந்தொட்டி இருக்கிறது. அதற்கு முழங்கால் வலி கிடையாது.

பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி ஊதியே ஒரு ஆயுளை ஓட்டியவன் நான். இந்த ஊர் இன்னும் என்னை டிரில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. என் கால் இழுக்கிறதா இல்லையா என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? இன்றைக்கும் அந்தச் சாலையை நான் ஒரே பச்சையில் கடக்கிறேன். கம்பவுண்டர் விஷயம் வேறு. செருப்பு கழன்றது என்று நடு ரோட்டில் குனிந்திருக்கிறான். நான் பக்கத்தில் இருந்திருந்தால் "செருப்பு கெடக்கட்டும், வாடா" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பேன். இல்லாமல் போய்விட்டேன்.

பூங்காவில் இப்போது டெய்லர், கேஷியர் எல்லாம் சேர்த்து நாங்கள் ஆறு பேர். பெஞ்சில் அவன் இடத்தில் யாரும் உட்காருவதில்லை. டெய்லர் மட்டும் சில நாள் மறந்துபோய்த் தன் கைத்தடியை அங்கே சாத்துவார். பிறகு நினைப்பு வந்து எடுத்துவிடுவார்.

உன் கடிதத்தை அக்காவிடம் நான் காட்டவில்லை. அவளே எடுத்துப் படித்துவிட்டாள். மறுநாள் என் ஷூ பரண்மேல் ஏறிவிட்டது. கேட்டால், "ஒட்டடை அடிக்கிறேன்பா, அப்புறம் எடுத்துத் தர்றேன்" என்கிறாள். ஷூவுக்கும் ஒட்டடைக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்கவில்லை. ரப்பர் செருப்பிலேயே போய்வருகிறேன்.

ஒன்று கேட்க விட்டுப்போனது. வந்திருந்தபோது கடைத்தெரு வரைக்கும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாயே, அப்படி யாரோடு பேச்சு? பெண் யாராவது இருந்தால் சொல். உன் அம்மா இருந்தால் இந்நேரம் கண்டுபிடித்திருப்பாள்.

அன்புடன் அப்பா


மார்ச் 14

அப்பாவுக்கு வணக்கம்.

நலம். நலம்தானே? பெண் யாரும் இல்லை. வேலை இருக்கிறது.

மனு போட்டுவிட்டேன். வெறும் புலம்பல் மனுவாக இருந்தால் அப்படியே கட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். எனக்கு எங்கள் ஆட்களைத் தெரியும். அதனால் சாலையின் புதிய அகலம், பச்சையின் நேரம், ஒரு பெரியவர் உண்மையில் எவ்வளவு மெதுவாக நடக்கிறார் என்பதற்கு ஆதாரம், எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்த மேலதிகாரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உங்கள் ஊர் வார்டு கூட்டத்திலும் வைப்பார்கள். நீங்களும் போய் உட்காருங்கள், கூட்டத்துக்கு ஆள் இருப்பது நல்லது.

எங்கள் வேலையில் இருக்கும் பெரிய கோளாறு இதுதான். கணக்கில் நடக்கும் மனிதனுக்கு எப்போதும் நடுத்தர வயது. முழங்கால் வலி கிடையாது, கையில் பை கிடையாது, செருப்பு கழலாது. நிஜத்தில் சாகிறவர்களோ உங்கள் வயதுக்காரர்கள். கேட்டால் "அவங்க கவனமா இருக்கணும்" என்கிறார்கள். எத்தனை கவனமாக இருந்தாலும் காலுக்கு இருக்கிற வேகம்தானே இருக்கும்?

செருப்போடு சாலையைக் கடக்காதீர்கள். ஷூவோடும் கடக்காதீர்கள்.

உங்கள் மகன்


ஏப்ரல் 18

தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. பதில் போடத் தாமதமாகிவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

கூட்டத்துக்கு நீ சொன்னபடி போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். உன் மனுவை ஒரு அம்மாள் மைக்கில் படித்தார். நல்ல தமிழ். பிறகு விளக்கை அணைத்து, சுவரில் படம் போட்டார்கள். கடைத்தெருவில் ஒரு கிழவர் நடந்து போகிறார். பின்னாலிருந்து எடுத்தது. முகம் தெரியவில்லை. இடது கால் எப்படி இழுக்கிறது என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டினார்கள். ஒருமுறை அப்படியே காட்டிவிட்டு, சரியாகப் புரியட்டும் என்று மெதுவாக ஓட்டி இன்னொரு முறை காட்டினார்கள்.

டெய்லர் என் காதோரம் குனிந்து, "காலர் நான் வச்சது, மாஸ்டர்" என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டதென்றால் அக்கம்பக்கம் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

முடிவில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி.

அப்பா


ஏப்ரல் 26

அப்பாவுக்கு வணக்கம்.

நலமா? முகம் தெரியாமல்தான் எடுத்தேன், பெயரும் போடவில்லை. ஊரில் யாருக்கும் நீங்கள்தான் என்று தெரியப்போவதில்லை. டெய்லர் மாமாவுக்குச் சட்டையைப் பார்த்தால்தான் மனிதர்களைத் தெரியும், அவரை விடுங்கள். நல்ல செய்தியைக் கேளுங்கள்.

கணக்கெடுப்புக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது! எங்கள் ஆட்கள் ஒரு நாள் முழுக்க அந்தச் சிக்னலில் நிற்பார்கள். கம்பத்தில் கேமரா வைத்து, கடக்கிற ஒவ்வொரு பெரியவருக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பார்கள். அதை வைத்துத்தான் பச்சையின் நேரம் முடிவாகும். தேதியை யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் ஜனங்கள் இயல்பாக நடக்கமாட்டார்கள் என்பது விதி. உங்களிடம் சொல்கிறேன். மே மாதம், இரண்டாவது புதன்.

உங்கள் கூட்டத்தை அன்றைக்கு வழக்கம்போல் பூங்காவுக்குக் கூட்டிவாருங்கள். கைத்தடி இருப்பவர்கள் கைத்தடியோடு, மூச்சு வாங்குகிறவர்கள் நின்று நின்று. கம்பவுண்டர் அத்தையும் வந்தால் இன்னும் நல்லது. வெயிலுக்குப் பயந்து அன்றைக்கென்று பெரியவர்கள் வீட்டில் இருந்துவிட்டால், காலேஜ் பிள்ளைகள் ஓடுவதை அளந்துகொண்டு திரும்பிவிடுவார்கள். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும்.

உங்கள் மகன்


மே 16

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்தது. நீ சொன்ன நாளில் உன் ஆட்கள் வந்தார்கள், கேமரா வைத்தார்கள், போனார்கள். நாங்களும் போனோம். கம்பவுண்டர் வீட்டு அம்மாள் வரவில்லை, அந்த இடத்தைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது. நன்றாகவே நடந்தது. அன்றைக்கு ராத்திரி எல்லோருக்கும் நல்ல தூக்கம். டெய்லர் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறார்.

பரணிலிருந்து ஷூவை நானே ஸ்டூல் போட்டு எடுத்துக்கொண்டேன்.

அன்புடன் அப்பா


ஜூன் 20

அப்பாவுக்கு,

முழங்காலைப் பற்றி இந்த முறை கேட்கப்போவதில்லை. படத்தில் பார்த்துவிட்டேன்.

கணக்கெடுப்பின் முடிவு என் மேசைக்கு வந்தது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் காலேஜ் பிள்ளைகளுக்குச் சமமாக நடக்கிறார்களாம். தப்பாக அளந்துவிட்டார்கள் என்று நினைத்து அளந்தவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் என் பக்கத்து மேசைக்காரர்தான். "உங்க ஊர்த் தாத்தாங்க பயங்கரம் சார், எங்களால ஈடு கொடுக்க முடியல" என்று சிரித்துக்கொண்டே படத்தைப் போட்டுக் காட்டினார்.

முதலில் வந்தது உங்கள் வெள்ளை ஷூ. நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, விசில் ஒன்றுதான் வாயில் இல்லை. பின்னால் ஐந்து பேர், ஒரே சீராக. ஒருவர் கையிலும் தடி இல்லை. அந்தப் பக்கம் போனதும் டெய்லர் மாமா விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். நீங்கள் அவர் முதுகில் தட்டிக் கொடுக்கிறீர்கள். நீங்கள் கையைத் தூக்குகிறீர்கள். அடுத்த பச்சையில் எல்லோரும் திரும்பி வருகிறீர்கள். மறுபடி போகிறீர்கள், மறுபடி வருகிறீர்கள். வெயில் ஏறிய பிறகும் விடவில்லை. டெய்லர் மாமா நடுவில் காணாமல்போய் வேறு சட்டையில் வருகிறார். கேஷியர் மாமா தலையில் புதிதாக ஒரு தொப்பி! அன்று அந்தச் சாலையைக் கடந்த பெரியவர்கள் என்று எங்கள் ஆட்கள் எழுதிவைத்த கூட்டத்தில் பெரும்பகுதி நீங்கள் ஆறு பேரேதான்.

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். முன்னால் நடப்பவர் என் அப்பா என்று அவருக்குத் தெரியாது. கடைத்தெருவில் காலை இழுத்துப் போனவரும் இவரும் ஒருவரே என்றும் தெரியாது.

விளைவு என்ன தெரியுமா? பச்சையைக் கூட்டத் தேவையில்லை. இருப்பதே அதிகமாம், அதில் கொஞ்சம் வெட்டி வண்டிகளுக்குக் கொடுக்கப்போகிறார்கள். மாமா செத்த இடத்தில். நான் போட்ட மனுவை வைத்தே.

தேதியை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் இப்படி ஆகியிருக்காது. அப்பா என்பதால் சொன்னேன். ஏன் செய்தீர்கள்? நேரடியாகப் பதில் எழுதுங்கள். வெயில், தண்ணீர், பூந்தொட்டி எல்லாம் வேண்டாம்.

உங்கள் மகன்


ஜூலை 24

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க வேண்டாம் என்கிறாய். சரி.

நேரடியாகவே எழுதுகிறேன். வார்டு கூட்டம் முடிந்த மறுநாள் கேஷியரின் மகன் அவரிடம், "கவர்மெண்ட்டே படம் போட்டுக் காட்டுது, இன்னும் நீங்க ரோட்டுல சுத்தணுமாப்பா?" என்று கேட்டானாம். முதியோர் இல்லத்தில் இடம் பார்த்து வைத்திருக்கிறான். டெய்லரின் மகள் கடையை மூடச் சொல்லிவிட்டாள். அவர் வீடு பூங்காப் பக்கம், கடை இந்தப் பக்கம். ரோட்டைக் கடக்காமல் அவருக்குப் பிழைப்பு இல்லை. உன் அக்கா வேலைக்குப் போகும்போது வாசல் கதவை வெளியே பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். "தம்பிதாம்பா எழுதியிருக்கான், உங்க காலு சரியில்லன்னு." பகல் முழுக்க நான் உள்ளே. இதை உனக்கு நான் எழுதவில்லை. அவளும் எழுதியிருக்கமாட்டாள்.

நீ தேதி எழுதிய கடிதம் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, பூங்காவில் கூடினோம். தேதியைச் சொன்னேன். ஆமாம், சொன்னேன்.

கேஷியர் கேட்டார். "அவங்க அளக்கப்போறது ரோட்டையா, நம்மளையா?"

"நம்மளைத்தான்."

"நாம மெதுவா நடந்தா?"

"பச்சை கூடும்" என்றேன்.

"பூட்டும் கூடும், மாஸ்டர்."

பிறகு நான்தான் எழுந்து, "வரிசையா நில்லுங்க, ஒருதரம் நடந்து பாப்போம்" என்றேன்.

நீ பச்சைக்காக மனு போட்டாய். அதைக் கொண்டு என் பெண் கதவைப் பூட்டினாள். இந்த ஊரில் யாருக்கும் அந்தப் படத்திலிருப்பது யார் என்று தெரியாது என்றாய். எனக்குத் தெரியுமே! பின்னாலேயே வந்தாய். பெண்ணோடு பேசுகிறாய் என்று நினைத்து, உன் பேச்சு என் காதில் விழாதபடி நான் கொஞ்சம் எட்ட நடந்தேன். "அப்பா, உங்கள் நடையை எடுக்கட்டுமா?" என்று என் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்தா எடு என்று நானே நடந்து காட்டியிருப்பேன். என்னை நம்பித் தேதி சொன்னேன் என்கிறாயே, அந்தப் படத்தை எடுக்கும்போது உன் நம்பிக்கை எங்கே போயிருந்தது?

அந்தப் புதன்கிழமைக்குச் சாவி வேண்டுமென்று உன் அக்காவிடம் தேதி எழுதிய உன் கடிதத்தைத்தான் காட்டினேன். உன் சொல் என்றதும் உடனே கொடுத்தாள்.

அப்பா


ஜூலை 29

அப்பாவுக்கு,

கதவைப் பூட்டியது தப்பு. அக்காவிடம் பேசிவிட்டேன், இனிப் பூட்டமாட்டாள். கேட்காமல் படம் எடுத்ததும் தப்பு.

ஆனால் அந்தத் தப்பில் யாரும் சாகவில்லை. உங்கள் தப்பு அப்படிப்பட்டது இல்லை. அடுத்த வாரம் பச்சையைக் குறைக்கிறார்கள். தடுக்க முயன்றேன். ஒருமுறை அளந்தால் மூன்று வருடத்துக்கு மறுபடி அளக்கமாட்டார்கள், அளந்ததில் மோசடி இருந்தது என்று யாராவது நிரூபித்தாலொழிய.

உங்கள் ஐந்து பேரிடமும் சொல்லுங்கள், இனி அது அவர்கள் கடக்கக்கூடிய சாலை இல்லை என்று. உங்கள் பேச்சைத்தான் கேட்கிறார்களே.

எனக்கு எழுத வேறொன்றும் இல்லை.

மகன்


செப்டம்பர் 16

தம்பிக்கு,

எழுத ஒன்றும் இல்லை என்றாய், நானும் சும்மா இருந்தேன். இப்போது எழுதியாக வேண்டியிருக்கிறது.

டெய்லர் போய்விட்டார். வியாழக்கிழமை சாயங்காலம். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது, அதே இடம். லாரி. பச்சையில்தான் இறங்கினார் என்று பழக்கடைக்காரர் சொல்கிறார். முக்கால்வாசி தூரம் போய்விட்டாராம்.

நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரிடமும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால், "என் பிள்ளை இப்படி எழுதியிருக்கான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். "அன்னைக்கு எத்தனை தடவை போய்ட்டு வந்தோம், நமக்கா?" என்றார் டெய்லர். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவர் கைத்தடியைத் தொடவே இல்லை.

என்னை அந்த வீட்டுக்குக் கேஷியரின் மகன்தான் காரில் கூட்டிப் போனான். டெய்லரின் மகள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழவில்லை. "மாமா, அப்பா தடியை எங்க வச்சாருன்னே தெரியல. மே மாசத்துலேர்ந்து தேடுறேன். கேட்டா சிரிப்பாரு. எதுக்கு அதை விட்டுட்டு நடக்க ஆரம்பிச்சாரு, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

காப்பி கொடுத்தாள், குடித்தேன்.

அப்பா


செப்டம்பர் 23

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். எனக்கு டவுசர் தைத்துக் கொடுத்தவர். ஒவ்வொரு தடவையும் தையலில் துணியை மடக்கி உள்ளே விடுவார், "வளருவான் மாஸ்டர், பிரிச்சு விட்டுக்கலாம்" என்று.

நான் செய்யப்போவதை எழுதுகிறேன். அந்தச் சாலையை மறுபடி அளக்க வைக்க ஒரே வழிதான் இருக்கிறது. போன கணக்கெடுப்பு மோசடி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு எழுதிவிட்டேன். தேதியை வெளியே சொன்னவன் நான். அணியைக் கூட்டி நடத்தியவர் என் தந்தை, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். இரண்டும் அதில் இருக்கிறது. உங்கள் பெயரை எழுதாமல் தப்பிக்க வழி உண்டா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. படத்தில் கையைத் தூக்குகிறவர் யார் என்று கேட்பார்கள். திங்கட்கிழமை கொடுக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. என் வேலை போகும், அது பெரிய விஷயமில்லை. உங்கள் ஊரில் இதை மறுபடி மைக்கில் படிப்பார்கள். அதுதான் உங்களுக்குப் பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

துரோகம் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். இந்த முறை பின்னாலிருந்து செய்யவில்லை.

அந்தப் பெண்ணிடம் "தெரியாது" என்றீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மைக்கில் கேட்டு அவள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், அடுத்த மாதம் நான் வரும்போது சொல்வேன்.

மாத்திரையை விடாதீர்கள்.

மகன்


அக்டோபர் 5

தம்பிக்கு,

கடிதமும் நகலும் வந்தன. மாத்திரை சாப்பிடுகிறேன். வேலை போனதா, என்ன ஆயிற்று என்று நீ எழுதவில்லை. எழுது.

முன்கூட்டிச் சொல்லிவிட்டாய் என்பதற்காக நான் உன்னை மன்னித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளாதே. பெற்ற அப்பனை இரண்டு தடவை ஊர் முன்னால் நிறுத்தியவன் நீ. முதல் தடவை என் காலை, இப்போது என் பெயரை. இரண்டும் நிஜம் என்பதால் எனக்கு வலி குறைந்துவிடாது.

உன் மனுவில் ஒரு தப்பு இருக்கிறது. "அனைவரும் தாமாகவே கைத்தடிகளைத் தவிர்த்துவிட்டு நடந்தனர்" என்று எழுதியிருக்கிறாய். திருத்து. டெய்லர் விடவே மாட்டேன் என்றார். "இது இல்லாம எனக்கு ரோடு ஆடுது மாஸ்டர்" என்றார். "ஒரு நாள்தானே, மானத்தை வாங்காதீங்க" என்று சொல்லி, அவர் கையிலிருந்து நான்தான் பிடுங்கினேன். பிடித்திருந்த விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பிடுங்கினேன். பூங்காக் காவலாளியின் அறையில் வைத்தேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இதை மகனான உனக்குச் சொல்லவில்லை, எழுதுகிறவனுக்குச் சொல்கிறேன். சேர்த்து எழுது.

நேற்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று புறப்பட்டேன். அக்கா கதவைத் திறந்துவிட்டாள், எங்கே என்று கேட்கவில்லை. சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்தது. என் கால் இறங்கவில்லை. அடுத்த பச்சைக்கு இறங்கி ஒரு எட்டு வைத்துத் திரும்ப ஏறிவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் நின்று, "கையைப் புடிச்சுக்கிறீங்களா?" என்றாள். யாருக்கோ காத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எதிர்ப்பக்கம் டெய்லரின் மகள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் நிற்பதைப் பார்த்துக் கையைக் காட்டினாள். வருகிறேன் என்று நானும் காட்டினேன். வெகுநேரம் நின்றேன். அவள் துணியை உலர்த்திவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நீ அவளிடம் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவன் நான். ஆனால் அந்தச் சாலையை என்னால் இனித் தனியாகக் கடக்க முடியாது. இதையும் வேண்டுமானால் எழுதிக்கொள்.

வரும்போது நேராக இங்கே வா. என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடு. அவள் வீட்டுக்குள் நீ வர வேண்டாம்.

அப்பா